வெளிப்பூட்டு

அத்தியாயம் 14

வேல்விழி, வீட்டுக்காரம்மா காளியாத்தாளின் வாசலில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்ததைப் போன வாரம் பார்த்தோம். மழையன்று மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டில் பொறி பறந்தது. அதை ஒட்டியே பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. கேட்கப் போனவளிடம், "திங்கக்கெழம லாரி வந்துருமுங்க" என்று சொல்லி அனுப்பினான் வீட்டுக்காரம்மா மகன் மோகன்ராஜ்.

திங்கள் போய், செவ்வாய், புதனும் போய் இன்று வியாழக்கிழமை. லாரி வரவில்லை. மூட்டைகளில் மட்டும் இரண்டு கூடியிருந்தது.

காலை எட்டேகாலுக்கு ஜெயபாண்டி நைட் ஷிப்ட் முடித்து வந்தான். நிட்டிங் மிஷின் ஆபரேட்டர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். இந்த வாரம் அவனுக்குப் பகல்தான் வர வேண்டும். கூட வேலை பார்ப்பவன் ஊர்க்கோயில் கொடைக்குப் போய்விட்டதால் இரவே தொடர்ந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். தலைமுடியில் பஞ்சுத் தூசி.

வந்தவனை உட்காரக்கூட விடாமல் வேல்விழி மூட்டைக் கதையை ஆரம்பித்தாள். படியேறும்போது பார்த்தாயா, இன்னும் இரண்டு சேர்ந்திருக்கிறதே, அவர்களுக்குக் கொஞ்சமாவது உறைக்கிறதா என்று தட்டில் இட்லியை வைத்தபடியே கேட்டாள். மாடியில் வரிசையாக நான்கு வீடு. ஏற இறங்க அந்த ஒரே படி. மொட்டை மாடிக் கதவையும் மோகன்ராஜ் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டான். குடியிருப்பவர்கள் மேலே போய்க் குப்பை போடுகிறார்களாம்.

ஜெயபாண்டி பாதி இட்லியில் கையை நிறுத்தினான்.

"வேலு, நீ இன்னொருக்கா அங்க போயி நிக்காத. தண்ணி நல்லா விடுறாக, பக்கத்துலயே பள்ளிக்கூடம். காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

அவன் பயமும் பொய்யில்லை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது வீடு தேடி அலைந்த அலைச்சல் இருவருக்கும் மறக்கவில்லை. எந்த ஊர், என்ன ஆள், வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. ஜெயபாண்டியின் கல்யாணமாகாத தங்கச்சி நதியாவும் கூட இருக்கிறாள் என்றதும் சில கதவுகள் அப்படியே சாத்தின. கடைசியில் இந்தப் பனியன் ஊர் ராயபுரத்தில் இந்த வீட்டைக் கொடுத்தவர் காளியாத்தாள்தான். அந்த நன்றி ஜெயபாண்டிக்கு அதிகம். வேல்விழிக்கும் உண்டு. ஆனால் நன்றிக்காக நெருப்போடு குடித்தனம் நடத்த முடியுமா என்பது அவள் கட்சி.

அவள் கட்சியைக் கேட்க அவன் முழித்திருக்கவில்லை. பாயில் சாய்ந்த இரண்டாவது நிமிஷம் குறட்டை. போனை வழக்கம்போல அணைத்துச் சார்ஜில் போட்டிருந்தான்.

மகள் தமிழ்மதி மூன்றாம் வகுப்பு. அவளைத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள் வேல்விழி. நதியா அதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு யூனிட்டில் ஓவர்லாக் டைலர். வேல்விழி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள், பூட்டைப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள்.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் பூட்டு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். இரவெல்லாம் நின்றவன் பகலில் தூங்க வேண்டும். கேபிள்காரர், சிலிண்டர்காரர், ஒரு கரண்டி உறைமோர் கேட்கிறவர் என்று ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டினால் எப்படித் தூங்குவது? பூட்டைப் பார்த்தால் பேசாமல் போய்விடுவார்கள். அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் புருஷனை உள்ளே தூங்க விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். பாசத்தில் போடுகிற பூட்டு அது. வேல்விழியிடம் ஒரு சாவி, நதியாவிடம் ஒரு சாவி. பள்ளி விடுமுறை நாளில் தமிழ்மதியும் அப்பா பக்கத்தில் உள்ளேயே இருப்பாள்.

ஒரு வாரமாக மூட்டை, மீட்டர், படி என்று எல்லோர் காதையும் தின்றவள் இந்தப் பூட்டைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவு. அதோடு இன்னொரு பெருமையும் உண்டு. வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர்கள் ஆடிட் வருவதற்காக அமைத்த தீயணைப்புக் குழுவில் அவளும் ஒருத்தி. நுழைவாயில் பலகையில் சிவப்புப் பட்டை கட்டிய அவள் போட்டோ ஒட்டியிருக்கிறது. தரையில் மஞ்சள் கோடு போட்ட வழியில் யாராவது பீஸ் பண்டலை வைத்துவிட்டால் முதல் சத்தம் அவளுடையதுதான். வேலை நேரத்தில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது என்று புதிதாக வந்த பெண்களுக்கு வகுப்பே எடுப்பாள்.

பதினொரு மணி டீ நேரத்தில்தான் போனைக் கையில் எடுத்தாள். சித்ரகலாவிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். மாடியில் கடைசி வீட்டுக்காரி. துணிகளை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவள், போன மாதம்தான் குடிவந்தாள். எதற்கு ஆறு தடவை கூப்பிட்டாள் என்று யோசிக்கும்போதே ஏழாவது அழைப்பு வந்தது.

"அக்கா, பதறாதீங்க. மாடிப்படிகிட்ட தீப்புடிச்சுருச்சுங்க. மேல இருந்தவிய அல்லாரும் எறங்கீட்டோம். உங்கூடு பூட்டித்தானுங்க கெடக்குது. நல்லவேளைக்கு அண்ணனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு, உள்ள ஆருமில்லீங்க."

ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். டீக்கப் சாய்ந்து கையில் கொட்டியது வேல்விழிக்குத் தெரியவில்லை.

"அவுக உள்ள இருக்காக."

"ஆருங்க்கா?"

"எங்க வீட்டுக்காரவுக. உள்ள தூங்குறாக. நான்தான் பூட்டிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் சித்ரகலா யாரையோ கூவி அழைக்கும் சத்தம், காலடிச் சத்தம், அப்புறம் இணைப்பு அறுந்தது.

வேல்விழி ஜெயபாண்டி எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. நதியாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நதியாவின் யூனிட்டில் காலையிலேயே எல்லோர் போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். பெட்டிக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்திருக்கும்.

என்னம்மா என்று கேட்டுக்கொண்டே வந்த சூப்பர்வைசர் ராஜ்கமல், வீட்டில் தீ என்று அவள் சொன்னதும் பைக்கை எடுத்தார். அவரோடு கிளம்பினாள்.

கம்பெனியிலிருந்து வீட்டுக்குச் சாதாரணமாகப் பதினைந்து நிமிஷம். அன்றைக்கு ரோட்டில் உள்ள அத்தனை வண்டியும் அவர்களுக்கு முன்னால்தான் போயின. துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று வளைவில் நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் வழியை அடைத்தது. ராஜ்கமல் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வேல்விழி இடுப்புப் பையிலிருந்த சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். மாரியம்மா, முனியையா, மடப்புரத்தாளே என்று ஊரில் உள்ள சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். நேர்த்திக்கடன் என்னென்ன வேண்டினாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை.

நடுவில் ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்குச் சனிக்கிழமையாக இருந்திருந்தால் பிள்ளையும் உள்ளே இருந்திருக்கும். பைக்கின் பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சந்து முனையிலேயே தீயணைப்பு வண்டி நின்றது. உள்ளே நுழைய இடமில்லை. அங்கிருந்தே குழாயை இழுத்துப் போயிருந்தார்கள். பனியன் துணி எரிகிற நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

கீழே தீ பாதி அடங்கியிருந்தது. புகைதான் அடங்கவில்லை. ஈரமான மூட்டைகளிலிருந்து கறுப்பாகக் கிளம்பி, படிக்கட்டு வழியே மேலேறி, மாடி நடையை மூடி நின்றது. நான்கு கதவில் எது தன் கதவு என்று அவளால் சொல்ல முடியவில்லை.

நதியா வாசலில் நின்றிருந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி வந்திருக்கிறாள். காலில் செருப்பில்லை. வலது கையை முன்னால் நீட்டியபடி நின்றாள், அதில் சாவி.

"சாவி இருக்கு மதினி. ஏறத்தான் வழியில்ல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேல்விழி அவளைத் தாண்டிப் படியை நோக்கிப் பாய்ந்தாள். ஒரு தீயணைப்பு வீரர் இடுப்போடு பிடித்து இழுத்தார். அவரைக் கடித்தாள், பிறாண்டினாள். அவரும் விடவில்லை. மூச்சுக் கருவி மாட்டிய இருவர் அவளைக் கடந்து புகைக்குள் ஏறினார்கள்.

அந்த நேரத்தில்தான் மேலிருந்து சத்தம் வந்தது. பக்கத்து வீடு, அதாவது காளியாத்தாளின் சொந்த வீடு, அதன் மொட்டை மாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவன் மோகன்ராஜ். அவன் தோளில் தொங்கிக்கொண்டு இருமி இருமி வளைகிற இன்னொருவன் ஜெயபாண்டி.

வேல்விழி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட உடனே வரவில்லை.

நடந்ததைச் சித்ரகலா பின்னால் சொன்னாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று அவள் கத்தியதும், குடத்துத் தண்ணீரை வீசிக்கொண்டிருந்த மோகன்ராஜ் குடத்தைப் போட்டுவிட்டான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் வீட்டு மாடிக்கு ஓடி, இடையில் உள்ள குறுகிய இடைவெளியைத் தாண்டி இந்த மாடிக்குக் குதித்தான். மொட்டை மாடிக் கதவின் சாவியை எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை உடைத்தான். முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு புகைக்குள் இறங்கி, சுவரைத் தடவித் தடவி வேல்விழி வீட்டுக் கதவைக் கண்டுபிடித்தான். அதையும் உடைத்தான். ஜெயபாண்டியை மேலே ஏற்றி, மாடியில் கிடந்த பலகையைக் குறுக்கே போட்டுத் தன் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தான்.

இரண்டு பூட்டு. ஒன்று அவன் போட்டது, ஒன்று இவள் போட்டது. பூட்டுக் கொண்டி சுட்டு அவன் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன.

காளியாத்தாள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெயபாண்டியை உட்கார வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் மூக்கில் ஆக்சிஜனை மாட்டி, புகை குடித்திருக்கிறான், அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். வேல்விழி அவன் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல் சுட்டதா, சுட்டதா என்று மட்டும் கேட்டாள்.

சுடவில்லை என்று தலையாட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். புகை வாடையில் முழிப்பு வந்திருக்கிறது. கதவுக்கு அடியில் கறுப்பாக நுழைவதைப் பார்த்ததும் போர்வையைத் தண்ணீரில் நனைத்து இடுக்கில் திணித்திருக்கிறான். தரையோடு படுத்துப் பின்பக்க ஜன்னலுக்கு நகர்ந்திருக்கிறான். எல்லாம் அவன் கம்பெனியிலும் ஆடிட்டுக்காக வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறதுதான். ஜன்னலில் இரும்புக் கம்பி. கத்தியிருக்கிறான். பின்னால் உள்ள யூனிட்டின் மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"மொதல்ல கதவத்தான் தட்டுனேன். வேலு, வேலுன்னுதான் தட்டுனேன். நீ வெளியதான் நிக்கிற மாதிரி."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னான். வேல்விழிக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. இரண்டு அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காளியாத்தாள் ஒரு சொம்பில் மோரோடு வந்தார். வேல்விழி பக்கத்தில் குனிந்து தலையைத் தடவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, ஆபீசரு கேப்பாரு. ஒயரு பழசு, என்னமோ புடிச்சுருச்சுன்னு சொல்லிப்போடு சாமி. மூட்டையப் பத்திப் பேசுனா, அப்பறம் பூட்டுனது ஆருன்னு கேள்வி வரும். உம்பட பேரும் கெடும். எம்பையன் கையப் பாத்தியல்லொ?"

பார்த்தாள். மோகன்ராஜ் கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாகக் குந்தியிருந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் மேல் வேல்விழிக்கு ஒரு வாரமாக இருந்த கோபம் இப்போது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. காலில் விழுந்து கும்பிட வேண்டும்போலவும் இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் லிங்கசாமி கையில் தாளோடு வந்தார். ஜெயபாண்டியைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம் தெரியும், ஒன்றிரண்டு கேள்விதான் என்றார். மூட்டைகள் எத்தனை நாளாக இருக்கின்றன என்று கேட்டார். ஜெயபாண்டி மோகன்ராஜைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். தான் வேலைக்குப் போகிற ஆள், கவனித்ததில்லை என்றான்.

"வீட்டை வெளியில பூட்டினது யாரு?"

"நான்தான் சார் பூட்டச் சொன்னேன்" என்றான் ஜெயபாண்டி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து உலுக்கியது.

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை. தாழ்ப்பாள் போதுமே என்று முதல் முதலில் தயங்கியவனே அவன்தான். இப்போது அவளுக்காகப் பொய் சொல்கிறான். வீட்டுக்காரம்மாவுக்காகவும் சேர்த்துச் சொல்கிறான். இந்தப் பொய்யில் எல்லோருக்கும் நல்லது இருந்தது. வீடு நிலைக்கும், பேர் நிலைக்கும், மோகன்ராஜுக்குச் செய்ய வேண்டிய நன்றியும் ஆகிவிடும். கரிந்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, புது ஒயர் இழுத்து, அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி மூட்டை வரும். மறுபடி ஒரு சனிக்கிழமையும் வரும்.

அவள் எழுந்து நின்றாள்.

"அவுக சொல்லல சார். பூட்டுனது நான். தூக்கம் கெடக்கூடாதுன்னு பூட்டுனேன், அத எழுதிக்கோங்க. மூட்டை ரெண்டு மாசமா கெடக்கு. போன வாரம் பொறி பறந்துச்சு, எடுக்கச் சொன்னோம், எடுக்கல. மொட்டமாடிக் கதவுக்கும் பூட்டு. அதையும் எழுதிக்கோங்க. அந்தக் கதவையும் என் கதவையும் உடைச்சு இவுகள வெளிய கொண்டாந்தது மோகன்ராஜ் அண்ணன்தான். அதையும் விடாம எழுதுங்க."

காளியாத்தாள் மோர்ச் சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"பொழுது சாஞ்சதும் பேசிக்கலாம் கண்ணு" என்றார். இந்த முறை அந்தக் கண்ணுவில் ஈரமில்லை. உள்ளே போய்விட்டார்.

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். "வீடு போச்சு வேலு" என்று முனகினான். நதியா அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு மதினியையே பார்த்தாள். மோகன்ராஜ் தலையைத் தூக்கி முதல் தடவையாக இந்தப் பக்கம் பார்த்தான். கோபமா, வேறு ஏதாவதா என்று வேல்விழியால் சொல்ல முடியவில்லை.

லிங்கசாமி எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேனாவை மூடப் போனவர் ஏதோ தோன்றி நிறுத்தினார். இப்படி வெளியே பூட்டிவிட்டுப் போவது இவர்கள் வீட்டில் மட்டும்தானா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்ரகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ இந்தத் தெருவுல இப்ப எத்தனை வீட்டுக்குள்ள ஆள் தூங்குது?"

எல்லோரும் திரும்பித் தெருவைப் பார்த்தார்கள். புகை இன்னும் தாழ்வாக எதிர் வரிசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஏழு கதவு. ஐந்தில் பூட்டுத் தொங்கியது. இவ்வளவு சத்தத்துக்கும் திறக்காத ஐந்து கதவு.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஒரு பெண் இடுப்பைத் தடவினாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தியும் ஓடினாள்.